கல்லூரிக் கலைக்கூடம்: 32 படைப்புகள், ஒரே அறை, 14 வாரம். எப்படித் திட்டமிடுவது?

மைத்துளி கேட்டது:

வணக்கம். கல்லூரிக் கலைக்கூடத்தில் அடுத்த செமஸ்டர் முழுக்க, அதாவது 14 வாரத்துக்கு, ஒரு கண்காட்சி வைக்க வேண்டும். திறப்புக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.

அறை 12 x 7 மீட்டர், உயரம் 3.2 மீட்டர். நீளச் சுவர் ஒன்றில் மேற்கு பார்த்த மூன்று ஜன்னல்கள். குறுக்குச் சுவர்களில் ஆளுக்கொரு வாசல், ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டர் அகலம். நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. படைப்புகள் மொத்தம் 32: நீர்வண்ணம் 14, எட்சிங் (உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து எடுக்கும் அச்சு) 8, வெள்ளி ஜெலட்டின் (கறுப்பு-வெள்ளை) புகைப்படம் 6, சயனோடைப் (இரும்பு உப்பால் உருவாகும் நீலப் புகைப்பட அச்சு) 4. நீர்வண்ணத்தில் இரண்டு மட்டும் வேறொரு அருங்காட்சியகத்திலிருந்து கடனாக வர வேண்டும். ஃபிரேமோடு சேர்த்து அகலம் சராசரி 60 செ.மீ.

வாரம் ஆறு நாள், நாளுக்கு ஏழு மணி நேரம் திறந்திருக்கும். ஏசி உண்டு, மாலையில் பூட்டும்போது அணைத்துவிடுவார்கள். முழுநேர ஆள் ஒருவர். மற்ற வேலைக்கெல்லாம் மாணவர்கள்.

32ம் சுவரில் கொள்ளுமா? வெளிச்சத்தை 50 லக்ஸில் (லக்ஸ்: பரப்பில் விழும் ஒளியின் அளவு) வைத்தால் 14 வாரம் பயமில்லையா? வகுப்புகளும் வெளியாட்களும் வருகிற மாதிரி நிகழ்ச்சிகளை எப்போது, எப்படி அமைப்பது?

---

லக்ஸ்மீட்டர்:

முதல் இரண்டு கேள்விக்கும் ஒரே விடைதான். 32ஐயும் காட்டலாம், ஆனால் ஒரே நேரத்தில் அல்ல.

சுவர்க் கணக்கு: அறையின் சுற்றளவு 38 மீட்டர். வாசல்கள் 3 மீட்டர் போனால் 35. ஜன்னல் சுவரையும் விட்டால் 23தான் மிச்சம். ஒரு படத்துக்கு 60 செ.மீ., இரண்டு படத்துக்கு நடுவே இன்னொரு 60 என்று வைத்தால் 32 படத்துக்கு 38.4 மீட்டர் வேண்டும். ஜன்னலை மூடினாலும் பற்றாது. இடைவெளியை 30க்குக் குறைத்தால் கொள்ளும், ஆனால் லேபிள் யாருடையது என்று பார்ப்பவர் குழம்புவார். இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்துப் படங்களைப் பார்த்தால் தோள் இடிக்கும்.

வெளிச்சக் கணக்கு: 14 வாரம் x 6 நாள் x 7 மணி = 588 மணி நேரம். அதை 50 லக்ஸால் பெருக்கினால் 29,400 லக்ஸ்-மணி. சர்வதேச ஒளியியல் ஆணையத்தின் (சிஐஇ) 157:2004 வழிகாட்டுதல்படி அதிக ஒளியுணர்வு உள்ள பொருளுக்கு ஆண்டு வரம்பு 15,000 லக்ஸ்-மணி. நடுத்தர வகைக்கு 1,50,000. ஆக, 50 லக்ஸ் என்பது மட்டும் பாதுகாப்பு இல்லை. எத்தனை மணி நேரம் என்பதும் சேர்ந்தால்தான் அது அளவு. சாயம் ஒருமுறை வெளுத்தால் திரும்பாது. இருட்டில் வைத்து ஓய்வு கொடுப்பது மேலும் வெளுக்காமல் தள்ளிப்போடுமே தவிர, போனதை மீட்காது.

எனவே நீர்வண்ணம் 14, சயனோடைப் 4, ஆக 18ஐ இரண்டாகப் பிரியுங்கள். முதல் ஏழு வாரம் 9, அடுத்த ஏழு வாரம் 9. ஒவ்வொன்றுக்கும் 14,700 லக்ஸ்-மணிதான் ஆகும், வரம்புக்குள் நிற்கும். கறுப்பு மையில் அச்சிட்ட எட்சிங்கும் வெள்ளி ஜெலட்டினும் (14) முழுக் காலமும் இருக்கலாம். அப்போது சுவரில் ஒரு நேரத்தில் 23 படம், 27.6 மீட்டர். அறிமுகப் பலகைக்கு 2 மீட்டர், பிரிவு விளக்கம் மூன்றுக்கு ஆளுக்கு ஒரு மீட்டர். மொத்தம் 32.6. ஜன்னலை மூடினால் 35க்குள் அடங்கும்.

ஜன்னலை மூடியே ஆக வேண்டும். நேர் வெயில் கண்ணாடி வழியாக விழுந்தாலும் 50,000 லக்ஸ் சாதாரணம். அந்தக் கீற்று ஒரு படத்தின் மேல் பத்து நிமிடம் நின்றால் 8,300 லக்ஸ்-மணி. ஏழு வாரத்துக்கான பங்கில் பாதிக்கு மேல் பத்து நிமிடத்தில் காலி. யுவி ஃபிலிம் ஒட்டினால் புற ஊதாதான் குறையும், கண்ணுக்குத் தெரியும் ஒளி அப்படியே வரும். ஜன்னலுக்கு உள்பக்கம் சட்டம் அடித்து, நடுவில் காற்று விட்டு பிளைவுட் பலகை போடுங்கள். பலகையில் ஆணி அடிக்கும் இடத்துக்குப் பின்னால் மரச்சட்டம் வருகிற மாதிரி குறித்துக்கொள்ளுங்கள்.

விளக்கு: எல்.இ.டி., 3000 கெல்வின் (இதமான மஞ்சள் கலந்த வெள்ளை), சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்ற அளவு) 90க்கு மேல். விளக்குகளை மாட்டும் கூரைத் தண்டவாளத்தை (ட்ராக்) சுவரிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். கூரை 3.2, படத்தின் நடு 1.5 என்றால் ஒளி 30 டிகிரி கோணத்தில் விழ அந்தத் தூரம்தான் சரி. கிட்டே வந்தால் ஃபிரேமின் மேல்விளிம்பு படத்தின் மேல் நிழல் போடும், தள்ளிப் போனால் பார்ப்பவர் நிழலே விழும். மலிவு டிம்மரில் எல்.இ.டி.யை இறக்கினால் மினுக்கும். அதற்குப் பதில் விளக்குக்கு முன் உலோக வலை வைத்துக் குறைப்பது நல்லது. அளக்கும்போது மீட்டரின் முகத்தைப் படத்தின் பரப்போடு ஒட்டினாற்போல் வெளிப்பக்கம் பார்க்க வைத்து, நான்கு மூலை, நடு என ஐந்து இடத்தில் பாருங்கள். நடுவில் 50 காட்டும் படம் மேல்விளிம்பில் 90 காட்டுவது சகஜம்.

50 லக்ஸ் இருட்டாகத் தெரிகிறது என்ற புகார் கட்டாயம் வரும். பெரும்பாலும் குற்றம் படத்தின் விளக்கில் இல்லை. வெளி வராந்தாவின் வெளிச்சத்திலிருந்து நேராக உள்ளே வரும் கண் பழகவில்லை, அல்லது அறையில் எங்கோ ஒரு திரை பளிச்சென்று எரிகிறது. வாசலையொட்டி முதல் இரண்டு மீட்டரில் படம் மாட்டாமல் அறிமுகப் பலகையை வையுங்கள். அதைப் படிக்கும் நேரத்தில் கண் பழகிவிடும்.

---

ஆணியும்_நூலும்:

மேலே சொன்னதுக்கு நான் மாட்டுற வேலையைச் சேர்க்கிறேன்.

மவுண்ட்: அமிலமில்லாத மேட் போர்டு (ஃபிரேமுக்குள்ள படத்தைச் சுற்றி வைக்கிற அட்டை). படத்தை மேல்விளிம்பில் மட்டும் இரண்டு கீல் போட்டுத் தொங்கவிடணும், ஜப்பானியத் தாள், கோதுமை ஸ்டார்ச் பசை. நாலு பக்கமும் ஒட்டினா காகிதம் ஈரத்துக்கு விரிய இடமில்லாம நடுவில் அலையலையா நெளியும். "ஆர்க்கைவல்"னு அட்டையில் எழுதியிருக்குன்னு செல்ஃப் அடெசிவ் டேப்பை மட்டும் எடுக்காதீங்க. சயனோடைப்புக்குச் சுண்ணம் சேர்க்காத, அதாவது அன்பஃபர்ட் போர்டுதான். காரம் பட்டா நீலம் வெளுக்கும். சயனோடைப் ஒன்றுதான் வெளிச்சத்தில் மங்கினது இருட்டில் ஓரளவு திரும்ப வரும். அதை நம்பி லக்ஸை ஏத்தாதீங்க.

அக்ரிலிக் கண்ணாடி உடையாது, கனமும் குறைவு. ஆனா நிலைமின்னேற்றம் பிடிக்கும், கரியோ பாஸ்டலோ இருந்தா பொடியை உறிஞ்சிடும். உங்க பட்டியல்ல அது ரெண்டும் இல்லை, அதனால அக்ரிலிக் போடலாம். அமோனியா கலந்த கிளீனர் அதில் படவே கூடாது. எந்தக் கிளீனரையும் துணியில் தெளிச்சுத் துடைக்கணும். நேரா தெளிச்சா கீழ்விளிம்பு வழியா ஃபிரேமுக்குள்ள இறங்கிடும்.

உயரம்: படத்தின் நடு தரையிலிருந்து 150 செ.மீ. எல்லாப் படத்துக்கும் அதே கோடு. கொக்கி எங்கே வரும்னா: 150 + ஃபிரேம் உயரத்தில் பாதி − ஃபிரேம் மேல்விளிம்பிலிருந்து டி-ரிங் (ஃபிரேமுக்குப் பின்னால திருகுற D வடிவ வளையம்) வரை உள்ள தூரம். 70 செ.மீ. ஃபிரேம், டி-ரிங் 12 செ.மீ. கீழேன்னா 150 + 35 − 12 = 173. தரை சமமா இருக்கும்னு நம்பாம லேசர் லெவல்ல ஒரு கோடு எடுத்து அதிலிருந்து அளங்க. பழைய கட்டடத்தில் 12 மீட்டருக்குத் தரை ரெண்டு மூணு செ.மீ. இறங்கியிருக்கலாம்.

கம்பியில் தொங்கவிட வேண்டாம். கதவை அறைஞ்சு சாத்துற ஒவ்வொரு தடவையும் படம் சாயும், மேல்பக்கம் முன்னாடி குனிஞ்சு நிக்கும். ரெண்டு டி-ரிங், ரெண்டு ஸ்க்ரூ. இடது ரிங்குக்கும் வலது ரிங்குக்கும் ரெண்டு மூணு மி.மீ. வித்தியாசம் இருக்கும், அதனால தனித்தனியா அளந்து எழுதுங்க. அளவை மாஸ்கிங் டேப்பில் எழுதி ஃபிரேமுக்குப் பின்பக்க அட்டையில் ஒட்டிட்டா, பாதியில் மாத்தும்போது மறுபடி அளக்க வேண்டாம். முதல் பாதிப் படத்துக்கும் அதே இடத்துக்கு வரப்போற ரெண்டாம் பாதிப் படத்துக்கும் ஃபிரேம் அளவு ஒன்னா இருந்தா, அதே ஸ்க்ரூவே போதும்.

பெயின்ட், ட்ரில் எல்லாம் படம் உள்ளே வரும் முன்னாடி முடியணும். பெயின்ட் நீர் கலந்த அக்ரிலிக் எமல்ஷன், காய ஒரு வாரம் குறைந்தபட்சம். கண்ணாடிப் பெட்டிக்குள்ள புதுசா அடிச்சிருந்தா மூணு நாலு வாரம் திறந்து வைக்கணும். மூடின பெட்டிக்குள்ள வாயு வெளியேற வழியே இல்லை.

---

திண்ணைப்பலகை:

நிகழ்ச்சிகளைக் கடைசியில் சேர்க்கும் பொருளாக நினைத்துத்தான் பல கல்லூரிக் கூடங்கள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. பட்டியலை முடித்து, சுவரில் மாட்டி, அப்புறம் "வாருங்கள்" என்று துறைகளுக்கு மெயில் அனுப்பினால் யாரும் வர மாட்டார்கள். பாடத்திட்டம் அதற்குள் அச்சாகியிருக்கும். ஐந்து மாதம் என்பது துறை ஆசிரியர்களிடம் பேசச் சரியான நேரம். படங்களின் வரிசையை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.

"கண்காட்சியைப் பார்க்க வாருங்கள்" என்று கேட்காதீர்கள். ஒரு துறைக்கு ஒரு படம், ஒரு பயிற்சி என்று கையில் கொண்டுபோங்கள். வேதியியலுக்கு சயனோடைப்: இரும்பு உப்பு, ஒளி, நீல நிறமி எப்படி உருவாகிறது. வரலாற்றுக்கு புகைப்படம்: சட்டத்துக்கு வெளியே என்ன விடப்பட்டிருக்கிறது. மொழித்துறைக்கு ஒரே நீர்வண்ணத்தை 200 சொல்லில் பார்க்காதவருக்கு விவரிப்பது. மருத்துவம், செவிலியர் படிப்பு இருந்தால் அவர்களிடம் கட்டாயம் போங்கள். யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களை ஓவியங்களுக்கு முன் நிறுத்திப் பார்க்கப் பழக்கினார்கள். அப்படிப் பழகியவர்கள் நோயாளிகளின் படங்களில் கூடுதல் விவரங்களைக் கவனித்தார்கள் என்ற ஆய்வு 2001இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. துறைத் தலைவரிடம் பேச அது ஒரு நல்ல தொடக்கம்.

ஒரு வகுப்பு வந்தால் என்ன நடக்க வேண்டும்? 30 மாணவர், 50 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பை வெளியே வைத்து, பேனாவை வாங்கிக்கொண்டு பென்சில் கொடுத்து உள்ளே வர எட்டு நிமிடம் போய்விடும். 15 பேர் ஒரு படத்துக்கு முன், மற்ற 15 பேர் கண்ணாடிப் பெட்டியருகே பென்சிலால் வரைவது. இருபது நிமிடத்தில் இடம் மாற்றுங்கள். ஆக ஒரு மாணவர் ஒரு படத்தைத்தான் உருப்படியாகப் பார்ப்பார். அது போதும். அறையில் உள்ள அத்தனையையும் காட்டிவிட முயலும் ஆசிரியரை முன்கூட்டியே பேசித் தடுக்க வேண்டும்.

படத்துக்கு முன் முதல் ஒரு நிமிடம் யாரும் பேசாமல் பார்க்க வேண்டும். பிறகு அபிகெயில் ஹவுசனும் ஃபிலிப் யெனாவைனும் உருவாக்கிய முறையில் மூன்றே கேள்வி: இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்? வேறென்ன தெரிகிறது? வழிநடத்துபவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போது படத்தில் அந்த இடத்தைக் கையால் காட்ட வேண்டும், தொடாமல், ஒரு முழம் தள்ளி நின்று. மாணவ வழிகாட்டிகள் தடுமாறுவது இரண்டாவது கேள்வியில்தான். "அருமை" என்று பாராட்டிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார்கள். பாராட்டு விழுந்தவுடன் மற்றவர்கள் அதுதான் சரியான விடை என்று வாயை மூடிக்கொள்வார்கள். பயிற்சியில் இதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். ஓவியர் பெயர், ஆண்டு எல்லாம் கடைசி இரண்டு நிமிடத்தில் சொன்னால் போதும்.

15 பேர் அரைவட்டமாக நிற்க மூன்று மீட்டர் ஆழம் வேண்டும். அறை அகலம் ஏழு மீட்டர், நடுவில் 70 செ.மீ. பெட்டி என்றால் பக்கத்துக்கு 3.15 மிச்சம், சரியாக இருக்கும். எந்த இரண்டு படங்களை வகுப்புகள் அதிகம் பயன்படுத்துமோ அவற்றை எதிரெதிர்ச் சுவரில், ஒன்றையொன்று தொந்தரவு செய்யாத தூரத்தில் மாட்டுங்கள். படங்களின் வரிசையைப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்குத்தான்.

நாட்காட்டி: முதல் வாரம் திறப்பு விழா வைக்காதீர்கள், மாணவர்கள் பதிவு, விடுதி என்று அலைவார்கள். விழாவை இரண்டாம் வாரம் வையுங்கள். 3 முதல் 6 வரை வகுப்புகள். ஏழாம் வார முடிவில் படம் மாற்றுகிறீர்கள் அல்லவா, அதையே ஒரு நிகழ்ச்சியாக்குங்கள்: "மாட்டும் வேலையைப் பார்க்க வாருங்கள்". படம் இறக்குவதும் ஏற்றுவதும் வெளியாட்களுக்கு எந்த உரையையும் விட ஆர்வமூட்டும். கயிறு கட்டி இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்தினால் போதும். கடைசி இரண்டு வாரம் தேர்வு, எதுவும் வேண்டாம். பொதுமக்களுக்கான நிகழ்ச்சிகள் எல்லாம் வாரத்தின் ஒரே கிழமை, ஒரே நேரம்.

---

மைத்துளி:

மிக்க நன்றி. ஏழாம் வாரத்தில் மாற்றுவது என்றால் கடன் வாங்கும் இரண்டையும் எந்தப் பாதியில் வைப்பது? ஏசி பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

---

பெட்டகம்:

கடன் படங்களை இரண்டாம் பாதியில் வையுங்கள். கடன் கொடுக்கும் இடங்கள் பலவும் ஆறு மாதம் முன்னாலேயே கடிதம் கேட்கும், உங்களிடம் ஐந்துதான் இருக்கிறது. இரண்டாம் பாதி என்றால் கூடுதலாக ஏழு வாரம் கிடைக்கும். அதோடு, அவர்கள் கேட்கும் ஈரப்பத அளவீடுகளை முதல் பாதியில் உண்மையான கண்காட்சி நிலையிலேயே எடுத்துக் காட்டலாம்.

கடிதத்தோடு கூடத்தின் நிலையறிக்கை போக வேண்டும்: லக்ஸ், ஈரப்பதம், பூட்டு, காவல், தீயணைப்பு, சுவர் எதால் ஆனது என்பது வரை. காப்பீடு அவர்கள் சுவரிலிருந்து கழற்றும் நொடி முதல் திரும்ப மாட்டும் வரை இருக்க வேண்டும். கூடத்துக்குள் இருக்கும்போது மட்டும் என்று எழுதியிருந்தால், விபத்து நடக்க அதிக வாய்ப்புள்ள பயணத்தில் காப்பீடே இல்லை. மதிப்பைக் கடன் கொடுப்பவர் சொல்வார். போஸ்டருக்கும் இணையத்துக்கும் படத்தைப் பயன்படுத்த தனி அனுமதி கேளுங்கள். படம் அவர்களிடம் இருப்பதால் காப்புரிமையும் அவர்களிடம்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது.

பெட்டி வந்தவுடன் திறக்காதீர்கள். 24 மணி நேரம் அறையிலேயே வைத்துப் பிறகு திறங்கள். குளிர்ந்த பெட்டியை ஈரக்காற்றில் திறந்தால் கண்ணாடியின் உள்பக்கம் வியர்க்கும். திறந்ததும் படத்தின் நிலை அறிக்கை எழுதுங்கள். டார்ச்சைப் படத்தின் பக்கவாட்டில், பரப்போடு கிட்டத்தட்டப் படுக்கவைத்த கோணத்தில் அடித்தால் மடிப்பும் நெளிவும் நிழலாக எழும்பித் தெரியும். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. பழுப்புப் புள்ளி, கிழிசல், பூச்சி அரிப்பு எல்லாவற்றையும் விளிம்பிலிருந்து எத்தனை செ.மீ. என்று குறித்துப் படமும் எடுங்கள். "நல்ல நிலையில் உள்ளது" என்ற ஒரு வரி அறிக்கை பின்னால் சண்டை வந்தால் உங்களைக் காப்பாற்றாது.

ஏசி: பகலில் குளிர், இரவில் அணைப்பு என்பது காகிதத்துக்கு மோசமான ஏற்பாடு. ஏசி ஓடும்போது ஈரம் குறையும், அணைத்ததும் வெளிக்காற்று புகுந்து ஈரம் ஏறும். தினமும் இந்த இழுபறியில்தான் காகிதம் நெளியும், கீல் விடும். சதா 25 அல்லது 26 டிகிரியில் ஓடவிட முடிந்தால் நல்லது. முடியாதென்றால் பகலிலும் 20க்கு இறக்காதீர்கள். இரவுக்கும் பகலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைப்பதுதான் முக்கியம். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். 65ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பூஞ்சை.

கைக்கெட்டும் தீர்வு ஒன்று: கண்ணாடி, மேட், பின் அட்டை மூன்றையும் ஒன்றாக அடுக்கி விளிம்பைச் சுற்றி டேப்பால் அடைத்துவிட்டு ஃபிரேமுக்குள் வையுங்கள். டேப் படத்தில் படாது. இப்படி அடைத்த ஃபிரேமுக்குள் ஒரு நாளின் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் எட்டாது. டேட்டா லாகரை (வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் தானே பதிவு செய்யும் கருவி) இப்போதே வையுங்கள், 15 நிமிடத்துக்கு ஒரு அளவு. ஒன்று அறையில், ஒன்று இப்படி அடைத்த காலி ஃபிரேமுக்குள். இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் கடன் கொடுப்பவர் இறங்கிவருவார். மேற்குச் சுவரில் மாட்டும் ஃபிரேம்களின் பின்னால் ஒரு செ.மீ. தடிமனுள்ள ரப்பர் திண்டு ஒட்டிக் காற்று போக வழி விடுங்கள்.

---

ஓரக்குறிப்பு:

பாதியில் மாற்றும் யோசனையில் எனக்கு ஒரு நெருடல். ஒரே ஆள், அதுவும் செமஸ்டர் நடுவில். 18க்கும் தரமான டிஜிட்டல் பிரதி எடுத்து மாட்டிவிட்டால் என்ன? அசலை வகுப்புக்கு மட்டும் மேஜையில் காட்டலாம்.

லேபிளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஒரு படத்துக்கு 50 சொல், மீறினால் 75. எழுத்து 18 புள்ளிக்குக் குறையக் கூடாது. 50 லக்ஸில் 12 புள்ளி எழுத்தை 50 வயதுக்காரர் படிக்க முடியாது. லேபிளின் நடு தரையிலிருந்து 120 முதல் 135 செ.மீ. சக்கர நாற்காலி திரும்ப 150 செ.மீ. வட்டம் எங்கும் கிடைக்க வேண்டும். முதல் வாக்கியம் படத்தில் கண்ணால் காணக்கூடிய ஒன்றைப் பற்றி இருக்கட்டும். ஓவியர் எங்கே பிறந்தார் என்று ஆரம்பித்தால் படிப்பவர் படத்தைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

---

லக்ஸ்மீட்டர்:

பிரதிக்கு நான் எதிரி இல்லை. ஆனால் கல்லூரியில் கலைக்கூடம் வைத்திருப்பதே அசலுக்கு முன் மாணவரை நிறுத்தத்தான். அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியில் 1940இல் எலன் ஜான்சன் தொடங்கிய திட்டத்தில் மாணவர்கள் அசல் படைப்புகளை வாடகைக்கு எடுத்துத் தங்கள் அறையிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். அந்த அளவுக்குப் போக வேண்டாம், சுவரிலாவது அசல் இருக்கட்டும். மேஜையில் காட்டுவதற்கும் வெளிச்சம் உண்டு: படிக்கும் விளக்கு 300 லக்ஸ் என்றால் ஒரு மணி நேரம் சுவரில் ஆறு மணி நேரத்துக்குச் சமம். வாரம் நான்கு வகுப்பு வந்தால் சுவர்க் கணக்கில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விடும், கை படும் ஆபத்து தனி. பிரதி வைத்தால் லேபிளில் முதல் வரியிலேயே பிரதி என்று போடுங்கள்.

ஒரே ஆளுக்குப் பாரம் என்பது நியாயம்தான். ஆணியும்_நூலும் சொன்ன மாதிரி ஃபிரேம் அளவுகளை ஒத்தவையாக ஜோடி சேர்த்தால் 9 படம் மாற்ற இரண்டு பேர் கொண்ட இரண்டு குழுவுக்கு ஒரு நாள் போதும். லேபிள்களை முன்கூட்டியே அச்சடித்து அந்தந்த ஃபிரேமின் பின்னால் உறையில் போட்டு வையுங்கள். விளக்கை மறுபடி அளக்க இன்னொரு அரை நாள். புதுப்படத்தின் மவுண்ட் வெள்ளையாக இருந்தால் அதே லக்ஸில் பளிச்சென்று தெரியும், யாராவது கேட்பார்கள், மீட்டரைக் காட்டுங்கள்.

இன்னொன்று. மாட்டும் நாளில் வேலை விளக்கு 300 லக்ஸில் பத்து மணி நேரம் எரிந்தால் 3,000 லக்ஸ்-மணி, சுவரில் 60 மணி நேரத்துக்குச் சமம். 14,700 போட்ட கணக்கில் மிச்சம் 300தான். எனவே மாட்டி முடித்த படத்தை உடனே அமிலமில்லாத தாளால் மூடிவிடுங்கள், தாளை ஃபிரேமின் மேல்விளிம்பில் செருகினால் போதும், டேப் வேண்டாம். துப்புரவு வேலைக்குத் தனி விளக்கு வைத்து அதைத் தரைப் பக்கம் திருப்புங்கள். அறையில் ஆளில்லாத நேரத்தில் விளக்கு தானே இறங்க மோஷன் சென்சார் போட முடிந்தால், அந்த மிச்சம் தாராளமாகவே கிடைக்கும்.